இரண்டரைக்குள்

பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருசம்
நின்றுகொண்டே வேலை.
விளக்கடியில் பீஸை விரித்து
தையல் தாண்டியிருந்தால், நூல் தொங்கினால்,
மிஷின் எண்ணெய் சொட்டியிருந்தால்
அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
நூறு பீசுக்கு இரண்டரை தப்பு வரை பையர் பொறுப்பார்.
அரைத் தப்பு எப்படியிருக்கும் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் ஒருநாள்
அந்த அம்பை என் கால் கட்டைவிரல் அடிமூட்டில்
ஒட்டிப் பார்த்தேன்.
பேக்கிங் கோகிலாமணிதான் முதலில் சிரித்தாள்.
பிறகு லைன் முழுக்க. நானுந்தான்.

எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து டாக்டர் சொன்னார்:
இங்க ஒரு சந்து இருக்கணும், இல்லை.
எலும்பும் எலும்பும் உரசுது.
விரல் மடங்கக்கூடாது, அதனால செருப்பும் மடங்கக்கூடாது.
முன்பக்கம் அகலம். அடி கெட்டி. குதி உயரம் வேண்டாம்.
பையரின் அளவுத்தாளைக் குறித்துக்கொள்வதுபோல்
வரிசை மாறாமல் குறித்துக்கொண்டேன்.

திருப்பூரில் தேடவில்லை.
தெரிந்த முகம் எதுவும் என் வெறுங்காலைப் பார்க்கவேண்டாம்.
ஞாயிறு, கோயமுத்தூர், கிராஸ்கட் ரோடு.
கைப்பையில் இஞ்ச் டேப்,
டி-சர்ட் மடிக்கிற அட்டையில்
சாயங்காலம், வீங்கின பிறகு, வரைந்த இரண்டு பாதம்.

முதல் கடையில் கூர்மூக்காய் எடுத்துப் போட்டார்கள்.
அட்டையை வைத்தேன்:
பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே.
அடுத்த கடையில்
"சுகருங்களா, மூட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு
காப்பிப்பொடி நிறத்தில் ஒன்றை
முகம் பார்க்காமல் நீட்டினார்கள்.
வலிக்கிறவள் என்றால்
நிறம் தெரியாதவள் என்றா கணக்கு?
வெள்ளையிலேயே பதினோரு ஷேடு பிரிக்கிறவள் நான்.

மூன்றாவது கடையில் நவ்ஃபல் என்றொரு பையன்.
மீசை இப்போதுதான்.
அட்டையை வாங்கித் தலைகீழாய்ப் பிடித்து
"இதென்னுங்க்கா, எந்த ஊரு மேப்பு?" என்றான்.
பிடித்துப்போயிற்று.
பதினாலு ஜோடி இறக்கினான்.
ஒவ்வொன்றையும் இரு கையால் வளைத்தேன்.
தோசையாய் மடிந்ததெல்லாம் ஒரு பக்கம்.
மடியாதவை மறுபக்கம், அவை
போலீஸ்காரர் போடுவதுபோல் இருந்தன.

பதினைந்தாவதை ஆண்கள் பக்கமிருந்து கொண்டுவந்தான்.
"சின்ன சைஸுங்க்கா, யாருமே எடுக்கலை."
பீர்க்கம்பூ மஞ்சள்.
வளைத்தேன், மசியவில்லை.
தேங்காய்த்தொட்டிபோல் அடி லேசாய் வளைந்து
எட்டு வைத்தால் அதுவே உருட்டிவிடுகிறது.
கடையின் நீளம் பதினெட்டு எட்டு.
போய்த் திரும்பி
வலி எங்கே என்று குனிந்து பார்த்தேன்.

கழற்றும்போது, பழக்கம், கண் தையல்மேல் ஓடியது.
இடது குதியில், பின்பக்கம்
ஒரே ஒரு தாண்டல்.
என் மேசையில் இது
காதர்பேட்டைக்குப் போகிற சரக்கு.
கைப்பைக்குள் அம்புச் சுருள் இருந்தது.
"வேற ஜோடி?"
"இது ஒண்ணுதானுங்க்கா. முதலாளியைக் கேட்டு
நூறு ரூவா கம்மி பண்றேன்."
நூறு ரூபாயை நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒருத்தி, ஷிப்டு முடிகிற நேரம்,
ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு
மாறி நின்றிருப்பாள்.

பழையதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு
காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். சீட்டில்லை.
நீலாம்பூர். கருமத்தம்பட்டி.
சேலைக்குச் சேரவில்லைதான்.
பக்கத்துச் சீட்டு அம்மிணி இரண்டு தடவை குனிந்து பார்த்தாள்,
மூன்றாவது தடவை, "எங்கீங்க வாங்குனீங்க?"
தெக்கலூர் தாண்டியும் விரல் வாய் திறக்கவில்லை.
அவிநாசியில் பிரேக் அடித்தபோது
ஒரு சுருக்.

இரண்டரைக்குள் என்று விட்டுவிட்டேன்.